‘ஃபோமட் பண்ணிடவா?’: பழைய கணினிகளில் வலிந்து ஏற்றப்படும் புதிய இயங்குதளங்கள்

நானுஓயா புகையிரத நிலையத்திலிருந்து நகரத்துக்கு ஏறும் வீதியில் கைத்தொலைபேசி திருத்தும் சிறிய கடையொன்று இருக்கிறது. ரீலோட் போடுவது, போட்டோ கொப்பி எடுப்பது, பரீட்சை விண்ணப்பம் நிரப்புவது, கணினி திருத்துவது எல்லாம் அந்த ஒரே மேசையில்தான். வேறொரு விடயமாக அந்தப் பக்கம் போயிருந்த நான், மழைக்கு ஒதுங்கி உள்ளே நின்றுகொண்டிருந்தேன். நாற்பது வயதைத் தாண்டிய பெண்ணொருவர் துணிப்பையிலிருந்து பழைய லப்டொப் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மகன் சாதாரண தரம் படிக்கிறான், ‘புது விண்டோஸ்’ போட்டுத் தர வேண்டும் என்றார்.

கடைக்காரத் தம்பி அதைத் திருப்பிப் பார்த்தார். “இதுக்கு விண்டோஸ் லெவன் நேரா ஏறாதுங்க அக்கா. வேற மாதிரி ஏத்திப் பாக்கலாம். ஆனா மொத்தமா ஃபோமட் பண்ணணும். பண்ணிடவா?”

“அப்ப உள்ளுக்க இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடுமோ தம்பி?”

அவருடைய பேச்சு வன்னிப் பேச்சு. பேச்சுக் கொடுத்ததில் விபரம் தெரிந்தது. தாத்தா காலத்தில் இங்குள்ள தோட்டமொன்றில் இருந்த குடும்பம். 1977 வன்செயலுக்குப் பிறகு கிளிநொச்சிக்குப் போயிருக்கிறார்கள். போர் முடிந்த பின் இவர் மட்டும் உறவினரைத் தேடி மீண்டும் மலையேறியிருக்கிறார். அந்த லப்டொப்பில் அவருடைய தம்பியின் படங்கள் பதினொன்று இருந்தன. மூலப் படங்கள் 2009 இல் ஆனந்தபுரத்துக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எங்கோ கைவிடப்பட்ட பையோடு போய்விட்டன. வெளிநாட்டிலிருந்த மாமி தன்னிடமிருந்த பிரதிகளை ஸ்கான் செய்து பிறகு அனுப்பியிருக்கிறார். மாமியும் இப்போது இல்லை. தம்பி எங்கே என்று இன்றுவரை தெரியாது.

‘ஃபோமட் பண்ணிடவா?’ என்ற கேள்வி நமது ஊர்களில் ஒரு நாளைக்கு எத்தனை மேசைகளில் கேட்கப்படுகிறது என்று எனக்குத் தெரியாது. அதற்கு ‘சரி’ என்று சொல்வதற்கு முன்னர் தெரிந்திருக்க வேண்டிய சில விடயங்களை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் இப்போது இந்த அவசரம்?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. கணினி அன்றிரவே நின்றுவிடாது. வழக்கம்போல இயங்கும். ஆனால் அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் தானாக வந்து சேராது. பூட்டு பழுதான வீட்டில் குடியிருப்பதைப் போன்றது. திருடன் வரும் வரைக்கும் ஒரு குறையும் தெரியாது.

அப்படியானால் விண்டோஸ் 11 ஐப் போட்டால் முடிந்ததுதானே என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 2021 ஒக்டோபர் 5 ஆம் திகதி வெளியான விண்டோஸ் 11, அதற்கு முந்தைய பதிப்புகள் எதுவும் கேட்டிராத நிபந்தனைகளைக் கேட்கிறது. 4 ஜிகாபைட் ரெம், 64 ஜிகாபைட் சேமிப்பிடம் என்பன பெரிய விடயமல்ல. முட்டுக்கட்டையாவது வேறு மூன்று: டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு, செக்கியூர் பூட் எனப்படும் பாதுகாப்பான தொடக்க வசதி, அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள புரொசெசர். இன்டெல் என்றால் 2017 இல் வந்த எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் பட்டியலில் உள்ளன. ஏழாம் தலைமுறையில் ஓரிரு விதிவிலக்குகள் மட்டும். ஏ.எம்.டி. என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தியவையும்.

நம்மிடம் இருப்பவை என்ன? கொரோனா காலத்தில் இணையவழி வகுப்புக்காக அவசரத்தில் வாங்கியவை. அப்போது தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேடேறியதை எல்லோரும் பார்த்தோம். பின்னர் 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது புதுக் கணினி என்பது கனவாகிப்போனது. அலுவலகங்களில் பாவித்துக் கழிக்கப்பட்டு, பிறநாடுகளிலிருந்து வந்திறங்கிய டெல், எச்.பி., லெனோவோ லப்டொப்புகள்தான் மிஞ்சின. அவற்றில் பெரும்பாலானவை நான்காம், ஆறாம், ஏழாம் தலைமுறைகளைச் சேர்ந்தவை. அதாவது, பட்டியலில் உள்ளவற்றுக்குச் சில வருடங்கள் முந்தியவை.

வாசலில் மட்டும் நிற்கும் காவலாளி

இந்த நிபந்தனைகளை மீறி விண்டோஸ் 11 ஐ ஏற்ற முடியும். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் கொண்டு பென் ட்ரைவ் ஒன்றைத் தயாரிக்கும்போதே டி.பி.எம்., செக்கியூர் பூட், ரெம் ஆகிய சோதனைகளை நீக்கிவிடலாம். கடைகளில் ‘வேற மாதிரி ஏத்தலாம்’ என்பது பெரும்பாலும் இதைத்தான்.

இதில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்த நிபந்தனைகளில் பெரும்பாலானவை நிறுவும் வேளையில் மட்டும் பரிசோதிக்கப்படுபவை. வாசலில் காவலாளி ஒருவர் அடையாள அட்டை கேட்கிறார். அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டால் வீட்டுக்குள் யாரும் கேட்பதில்லை. ஆகவே ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிகாபைட் ரெம், எஸ்.எஸ்.டி. உள்ள கணினியில் விண்டோஸ் 11 தாராளமாக ஓடும்.

ஆனால் எல்லா நிபந்தனையும் அப்படியல்ல. 2024 ஒக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பு முதல், எஸ்.எஸ்.இ. 4.2, பொப்கவுன்ட் என்ற இரண்டு கட்டளைகளைப் புரொசெசர் அறிந்திருக்க வேண்டும். கோர் 2 டுவோ போன்ற பழைய புரொசெசர்களுக்கு இந்தக் கட்டளைகள் முழுமையாகத் தெரியாது. இங்கே எந்தத் தந்திரமும் பலிக்காது. தெரியாத மொழியில் சொன்ன வேலையை எவராலும் செய்ய முடியாதல்லவா? அப்படியான கணினியில் 24எச்2 ஐ ஏற்ற முயன்றால் அது தொடங்கவே தொடங்காது. ஃபோமட் செய்த பிறகுதான் இது தெரியவந்தால், பழையதும் போய் புதியதும் இல்லை என்ற கதைதான்.

தந்திரங்களில் இறங்குவதற்கு முன்னர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2016 நடுப்பகுதிக்குப் பின் விண்டோஸுடன் விற்பனைக்கு வந்த கணினிகளில் டி.பி.எம். 2.0 இருந்தாக வேண்டும் என்பது மைக்ரோசொப்ட் விதித்த விதி. பல கணினிகளில் அது இருக்கிறது, அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கணினி தொடங்கும்போது பயோஸ் பக்கத்துக்குள் போய், இன்டெல் என்றால் பி.டி.டி. என்ற பெயரிலும் ஏ.எம்.டி. என்றால் எஃப்.டி.பி.எம். என்ற பெயரிலும் உள்ளதை இயக்கிவிட்டால் போதும். எட்டாம் தலைமுறைக் கணினியை ‘இதுக்கு லெவன் ஏறாது’ என்று ஒதுக்கி, புதிதொன்றை விற்ற கதையையும் நான் கேட்டிருக்கிறேன்.

பயோஸில் கைவைப்பதற்கு முன் கட்டாயம் கவனிக்க வேண்டியது பிட்லொக்கர். சில கணினிகளில் ஹாட் டிஸ்க் முழுவதும் உரிமையாளருக்கே தெரியாமல் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். டி.பி.எம். அல்லது செக்கியூர் பூட் அமைப்பை மாற்றியதும் கணினி பயந்துபோய், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது மைக்ரோசொப்ட் கணக்குக்குள் சேமிக்கப்பட்டிருக்கலாம். அந்தக் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் விற்றவரிடம் இருந்தால்? ஆகவே முதலில் சாவியைக் கண்டுபிடித்துக் கடதாசியில் எழுதிவையுங்கள். பிறகு பயோஸுக்குள் போங்கள்.

என் லப்டொப்பில் நடந்தது

2022 இறுதியில் நானும் அப்படியொரு பாவித்த லப்டொப்பை வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். ஆறாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11 போட்டிருந்தது, பளபளவென்று இருந்தது, நானும் சந்தோசமாக இருந்தேன். இது நிபந்தனை மீறிப் போடப்பட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதுவே என்னுடைய முறைப்பாடு. ஏற்றிக் கொடுப்பது தவறல்ல, சொல்லாமல் கொடுப்பதுதான் தவறு.

இரண்டு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் தற்செயலாகப் பார்த்தேன். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்ற வழியில் போனால் பதிப்பு எண் தெரியும். என்னுடையது 22எச்2 இலேயே நின்றிருந்தது. அந்தப் பதிப்பின் வீட்டுப் பாவனைக்கான ஆதரவு 2024 ஒக்டோபர் 8 ஆம் திகதியே முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வைத்திருக்கிறேன் என்ற நினைப்பில், பூட்டில்லாத வீட்டில் மாதக்கணக்காகக் குடியிருந்திருக்கிறேன். மனித உரிமை விடயங்களில் ஆட்களிடம் எடுத்த வாக்குமூலங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

காரணம் இதுதான். நிபந்தனையை மீறிய கணினிகளுக்கு மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தங்கள் இதுவரை பொதுவாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவை வருமென்று மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தரவில்லை, அது வேறு விடயம். ஆனால் வருடத்துக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றம் இவற்றுக்குத் தானாக வராது. காவலாளி ஒவ்வொரு வருடமும் வாசலுக்குத் திரும்பி வருகிறார். வீட்டுப் பாவனைப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருட ஆயுள்தான். 23எச்2 இன் ஆயுள் 2025 நவம்பர் 11 உடன் முடிந்தது. 24எச்2 க்கு 2026 ஒக்டோபர் 13 வரை. ஆக, வலிந்து ஏற்றிய கணினியை வைத்திருப்பவர் வருடத்துக்கொரு தடவையாவது பதிப்பைக் கையால் மாற்றியாக வேண்டும். கோவில் திருவிழா மாதிரி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையால் மாற்றுவதற்கு ஃபோமட் தேவையில்லை என்பதைத்தான் பலர் அறியாமல் இருக்கிறார்கள். ரூஃபஸின் அண்மைய பதிப்புகளில் தயாரித்த பென் ட்ரைவை, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகி, அதற்குள் இருக்கும் செட்டப் கோப்பை இயக்கினால், கோப்புகளையும் மென்பொருட்களையும் அப்படியே வைத்துக்கொண்டு புதிய பதிப்புக்குப் போகும் தெரிவு வரும். பென் ட்ரைவிலிருந்து கணினியைத் தொடக்கினால் அந்தத் தெரிவு வராது. இந்த ஒரு வித்தியாசத்தில் எத்தனையோ பேரின் படங்கள் போயிருக்கின்றன. மாற்றிய பிறகு ஒத்துவரவில்லை என்றால், பத்து நாட்களுக்குள் ரிக்கவரி பக்கத்தின் ஊடாக முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். அந்தப் பத்து நாளும் டிஸ்கைத் துப்புரவு செய்யும் மென்பொருள் எதையும் ஓடவிடாதீர்கள். பழைய பதிப்பு அதோடு அழிந்துபோகும்.

நான் அப்படி மாற்றியபோது இரண்டு கோளாறுகள் வந்தன. முதலாவது, வைஃபை காணாமற்போனது. வைஃபை இல்லாமல் வைஃபைக்கான ட்ரைவரை எப்படித் தரவிறக்குவது? கைத்தொலைபேசியை யூ.எஸ்.பி. கேபிளால் இணைத்து, தொலைபேசி அமைப்பில் யூ.எஸ்.பி. டெதரிங் என்பதை இயக்கினால், கணினி அதைக் கம்பிவழி இணையமாக எடுத்துக்கொள்ளும். டயலொக் ஆனாலும் மொபிட்டல் ஆனாலும் இது வேலை செய்யும். பிறகு கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய், அந்த மொடலுக்கான விண்டோஸ் 10 ட்ரைவரை எடுத்துப் போட்டேன். விண்டோஸ் 11 க்கென்று ட்ரைவர் இல்லையே என்று தேடிக் களைக்க வேண்டாம். 64 பிட் விண்டோஸ் 10 ட்ரைவர்கள் பெரும்பாலும் 11 இலும் வேலை செய்யும். ‘எல்லா ட்ரைவரையும் ஒரே சொடுக்கில்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருட்களின் பக்கமே போகாதீர்கள்.

இரண்டாவது, மூடித் திறந்தால் திரை கறுப்பாகவே கிடந்தது. விண்டோஸ் தானாகப் போட்ட கிராஃபிக்ஸ் ட்ரைவர்தான் காரணம். சேஃப் மோடில் தொடங்கி அதை நீக்கி, தயாரிப்பாளரின் பழைய ட்ரைவரைப் போட்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்பதையும் அணைத்த பிறகு சரியானது. புதுப் பதிப்பு போட்டவுடன் கணினி திணறுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இயங்குதளத்தை அல்ல, சுழலும் பழைய ஹாட் டிஸ்கை. அதில் விண்டோஸ் 11 ஐ ஓட்டுவது, பாரவூர்தியை மாட்டு வண்டியில் ஏற்றுவதற்குச் சமன். சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றுக்குச் செலவழிப்பது வேறெந்தச் செலவையும் விடப் பலன் தரும்.

‘இந்த டிஸ்கில் நிறுவ முடியாது’

பென் ட்ரைவிலிருந்து நிறுவும்போது வரும் செய்திகளில் மிக ஆபத்தானது இது. டிஸ்கில் எம்.பி.ஆர். அட்டவணை உள்ளது, ஜி.பி.டி. டிஸ்கில்தான் நிறுவ முடியும் என்று அது ஆங்கிலத்தில் சொல்லும். பழைய கணினிகள் பழைய பயோஸ் முறையில் டிஸ்கைப் பிரித்து வைத்திருக்கும். புதிய நிறுவி புதிய யு.இ.எஃப்.ஐ. முறையில் தொடங்கியிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாததுதான் விடயம்.

யூடியூப் காணொளிகள் இதற்குச் சொல்லும் தீர்வு, டிஸ்கை முழுவதுமாகத் துடைத்துவிட்டு ஜி.பி.டி. ஆக மாற்றுவது. இரண்டே கட்டளைகள். முப்பது செக்கன். டி பகுதியில் வைத்திருந்த படங்கள், ஈ பகுதியில் வைத்திருந்த ஆவணங்கள் உட்பட எல்லாமே போய்விடும். ‘சி மட்டும்தானே அழியும்’ என்று நினைத்திருந்தவர்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன். தரவை அழிக்காமல் மாற்றுவதற்கு எம்.பி.ஆர். 2 ஜி.பி.டி. என்ற கருவி விண்டோஸ் 10 இற்குள்ளேயே இருக்கிறது. அதைப் பாவிப்பதற்கு முன்பும் பிரதி எடுத்துவைக்க வேண்டும். மின்சாரம் எப்போது போகுமென்று சொல்ல முடியாத இடங்களில், பற்றரி செத்துப்போன லப்டொப்பில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

டெல் லப்டொப்புகளில் எதிர்மாறான சிக்கலொன்று உண்டு. லினக்ஸ் போடப் போனால் டிஸ்கையே காணவில்லை என்னும். டிஸ்க் பழுதில்லை. பயோஸில் சேமிப்பக முறை ரெயிட் என்று வைக்கப்பட்டிருக்கும், அதை ஏ.எச்.சி.ஐ. என்று மாற்ற வேண்டும். விண்டோஸையும் கூடவே வைத்திருக்க விரும்பினால், அடுத்த தடவை சேஃப் மோடில் தொடங்குமாறு விண்டோஸிடம் சொல்லிவிட்டுத்தான் இதை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும்.

மாமா கொண்டுவந்த மக்புக்

புலம்பெயர்ந்த உறவினர்கள் விடுமுறைக்கு வரும்போது கொடுத்துவிட்டுப் போகும் பழைய மக்புக்குகள் வடக்கிலும் உண்டு, மலையகத்திலும் உண்டு. அப்பிள் நிறுவனம் அவற்றுக்குப் புதிய மக் ஓஎஸ் தருவதை நிறுத்தியிருக்கும். ஓப்பன்கோர் லெகசி பச்சர் என்ற இலவசக் கருவியால் 2012, 2015 போன்ற வருடத்து மக்புக்குகளில்கூடப் புதிய பதிப்பை ஓட்டலாம். நிறுவியதும் படம் இழுத்து இழுத்து ஓடுகிறது, வைஃபை இல்லை என்று பயப்படுகிறார்கள். நிறுவிய பின்னர் அதே கருவிக்குள் போய் ரூட் பச் என்பதையும் போட வேண்டும். பழைய கிராஃபிக்ஸுக்கும் வைஃபைக்கும் உயிர் கொடுப்பது அதுதான். அப்பிளின் ஒவ்வொரு புதுப்பித்தலும் இந்தப் பச்சைத் துடைத்துவிடும் என்பதால் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவைத்து, கருவியின் புதிய பதிப்பு வந்ததை உறுதிசெய்த பிறகே புதுப்பிக்க வேண்டும்.

எனக்கு இதில் பெரிய விருப்பமில்லை. இந்தப் பச்சுக்காக மக்கின் சில பாதுகாப்பு அடுக்குகளைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. தவிர, 2025 இல் வந்த டாஹோ பதிப்புதான் இன்டெல் மக்குகளுக்குக் கடைசி என்று அப்பிள் அறிவித்துவிட்டது. இன்னும் எத்தனை வருடம் இதோடு மல்லுக்கட்டுவது? அடிப்பக்கம் உப்பியிருந்தால் அது மென்பொருள் சங்கதியே இல்லை. பற்றரி வீங்கியிருக்கிறது. உடனே பாவனையை நிறுத்துங்கள்.

ஏற்றாமலே இருப்பது

விண்டோஸ் 10 ஐயே இன்னும் கொஞ்சக் காலம் வைத்திருக்கலாம் என்பதைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. நீடிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். 30 டொலர் கட்டலாம். ஏறத்தாழ 9000 ரூபா. 2024 இல் வர்த்தமானியில் வந்த 1350 ரூபா நாட்சம்பளப்படி கணக்கிட்டால் கொழுந்து பறிப்பவரின் ஒரு கிழமை உழைப்பு. ஆனால் மைக்ரோசொப்ட் கணக்கொன்றால் உள்நுழைந்து, கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் பணம் கட்டத் தேவையில்லை. விண்டோஸ் 10 இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், அப்டேட் பக்கத்திலேயே சேரும் தொடுப்பு தெரியும். பரீட்சை நெருங்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் இதுவே நல்லதென்பது என் அபிப்பிராயம்.

மற்ற வழி லினக்ஸ். லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. அதன் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு 4 ஜிகாபைட் ரெம் உள்ள பழைய கணினியிலும் ஓடும். கோர் 2 டுவோவை அது வாசலில் மறிப்பதில்லை. மிகப் பெரிய வசதி, நிறுவாமலே பென் ட்ரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது. சத்தம், கமரா, வைஃபை எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். பழைய எச்.பி., டெல் லப்டொப்புகளில் புரோட்கொம் வைஃபை இருந்தால் ஆரம்பத்தில் வேலை செய்யாது. மேலே சொன்ன தொலைபேசிக் கேபிள் தந்திரத்தால் இணையம் எடுத்து, ட்ரைவர் மனேஜரைத் திறந்தால் தீர்ந்துவிடும். நிறுவும்போது ‘டிஸ்கை அழித்து நிறுவு’ என்ற தெரிவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிடாதீர்கள். பாடசாலையில் மைக்ரோசொப்ட் ஒஃபிஸ் படிக்கும் பிள்ளைக்கு லிப்ரே ஒஃபிஸின் மெனுக்கள் வேறாகத்தான் இருக்கும். அதையும் மறைக்கத் தேவையில்லை.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளில் ஒரு தகராறு நடந்தது. 2024 ஓகஸ்டில் வந்த விண்டோஸ் திருத்தமொன்று பல லினக்ஸ்களைப் ‘பாதுகாப்பு விதிமீறல்’ என்று சொல்லித் தொடங்கவிடாமல் தடுத்தது. பயோஸில் செக்கியூர் பூட்டை அணைத்து லினக்ஸுக்குள் போய் அதைப் புதுப்பிப்பதுதான் அப்போது பலரைக் காப்பாற்றியது. அதற்காக ஃபோமட் செய்தவர்கள் வீணாகத்தான் செய்தார்கள்.

பாமினியில் கிடக்கும் கடிதங்கள்

இயங்குதளம் மாற்றிய பிறகு ‘என்ட ஃபைல் எல்லாம் பழுதாப்போச்சு’ என்று வருபவர்களில் கணிசமானவர்களின் கோப்புகளுக்கு ஒன்றும் நடந்திருக்காது. நமது ஆட்கள் 2000 களிலும் போருக்குப் பின் சில வருடங்களும் தட்டச்சிட்ட கடிதங்கள், சத்தியக் கடதாசிகள், காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான முறைப்பாடுகள் ஏராளமாகப் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினி யுனிகோட் அல்ல. கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. புதிய இயங்குதளத்தில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் போர்வை விலகி, ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பயந்துபோய் அழித்துவிடாதீர்கள். பழைய கணினியின் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியைப் பிரதி எடுத்துப் புதியதில் போட்டால் கடிதம் திரும்பி வரும். லினக்ஸிலும் வரும். அதன் பிறகு ஆறுதலாக யுனிகோடுக்கு மாற்றி இன்னொரு பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பிடிஎஃப் பிரதியும் இருக்கட்டும். லினக்ஸில் தமிழில் தட்டச்சிட ஐபஸ் என்பதோடு எம்17என் என்ற தொகுதியைப் போட்டால் ரங்கநாதன் விசைப்பலகை கிடைக்கும். பாமினியில் பழகிய விரல்களுக்கு அது அந்நியமாக இராது.

கடையில் லப்டொப்பைக் கொடுப்பதற்கு முன்னர், முடிந்தால் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். திருத்துபவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் சாட்சியங்களும் அடையாள அட்டைப் பிரதிகளும் உள்ள டிஸ்க் பத்துப் பேரின் கைபடும் மேசையில் இரண்டு நாள் கிடக்கத் தேவையில்லை. திரும்பி வந்ததும் டிஃபென்டரும் அப்டேட்டும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். கள்ளச் சாவி போடுவதற்காக அவற்றை அணைத்தவர்கள் திரும்பப் போட மறந்துவிடுவதுண்டு, என் லப்டொப்பிலும் அப்படித்தான் இருந்தது.

நானுஓயாக் கடையில் அன்று தம்பி ஃபோமட் செய்யவில்லை. லப்டொப் கோர் 2 டுவோ, விண்டோஸ் 7. “அப்படின்னா முதல்ல படத்தை எடுத்துருவோம் அக்கா, மத்ததை அப்புறம் பாக்கலாம்” என்றார். லினக்ஸ் மின்ட் பென் ட்ரைவால் கணினியைத் தொடக்கி, டிஸ்கில் எதையும் எழுதாமல் கோப்புகளை மட்டும் திறந்தார். டிஸ்க் இடைக்கிடை டக் டக் என்று சத்தம் போட்டது. சாகப்போகும் டிஸ்கின் சத்தம் அது, அப்படியானதில் விண்டோஸை ஏற்ற முயன்றிருந்தால் அந்த முயற்சியிலேயே அது செத்திருக்கலாம். படங்கள் டெஸ்க்டொப்பிலோ பிக்சர்ஸிலோ இல்லை. மாமியின் பெயரில் இருந்த கோப்புறையொன்றுக்குள், வெளிநாட்டு முகவரிப் பட்டியல் ஒன்றோடு சேர்ந்து கிடந்தன. பதினொன்றில் ஒன்பது திறந்தன. இரண்டு பாதியில் சாம்பல் நிறமாகின. அவற்றை விட்டுவிட்டு மற்றதை முதலில் எடுத்து, பிறகு அந்த இரண்டையும் திரும்பத் திரும்ப முயன்றதில் இன்னுமொன்று கிடைத்தது.

இரண்டு பென் ட்ரைவில் பிரதி எடுத்தார்கள். ஒன்றை அவர் கைப்பையிலும் மற்றதைக் கிளிநொச்சியிலுள்ள தங்கைக்கு அனுப்பவென்று தனியாகவும் வைத்துக்கொண்டார். பழைய டிஸ்கைக் கழற்றிப் பத்திரிகைத் தாளில் சுற்றி, ‘இதைத் தூக்கி எறிஞ்சிறாதீங்க அக்கா’ என்று தம்பி கையில் கொடுத்தார். மகனின் கணினிக்கு எஸ்.எஸ்.டி. போட்டு என்ன ஏற்றுவது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.